இரத்தத்தில் தேடிய வாரிசு: ‘ஏழாம் அறிவு’ படமும் பண்டிதர் அயோத்திதாசரும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு தோழர்கள் போன் செய்தார்கள். பண்டிதர் நினைவு நாளில் சினிமாவா என்றார்கள். அதுவும் 2011 தீபாவளிக்கு வந்து, ஓடி ஓய்ந்துபோன படம். அவர்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தப் படத்தோடு ஒரு கணக்கு தீராமல் இருக்கிறது. அதைப் பண்டிதர் முன்னால் வைத்துத்தான் தீர்க்க முடியும் என்று தோன்றியது.

அப்போது எனக்கு முப்பது வயதுக்குப் பக்கம். முடிச்சூர் பக்கம் மாலை நேர வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அந்த வகுப்பிலிருந்து முதன்முதலாக ஒரு பையன் பொறியியல் கல்லூரிக்குப் போயிருந்தான். அவனுடைய அம்மா ஒரு மருத்துவமனையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். தீபாவளி லீவில் அவனையும் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரையும் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் ஒரு தியேட்டருக்குப் போனேன். அந்தத் தீபாவளிக்கு ‘வேலாயுதம்’ படமும் வந்திருந்தது. பிள்ளைகளில் பாதி அதற்குத்தான் போக வேண்டும் என்றார்கள். நான்தான், “இதுல சயின்ஸ் இருக்குடா” என்று இழுத்துப்போனேன். அந்தப் பாவம் என்னுடையது.

இன்றைய மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ.ஆர்.முருகதாஸ் இயக்கம், சூர்யா கதாநாயகன். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் போதிதர்மர் சீனத்துக்குப் போகிறார். அங்கே கொள்ளைநோயைத் தீர்க்கிறார், சண்டைக் கலை கற்பிக்கிறார், அங்கேயே இறக்கிறார். இன்றைய காலத்தில் சீனா இந்தியாமீது கிருமிப் போர் தொடுக்கிறது. அதற்காக வரும் டோங் லீ என்பவன் கண்ணால் பார்த்தே மனிதரை ஆட்டிவைக்கிறான். மரபணு ஆராய்ச்சி செய்யும் மாணவி சுபா, போதிதர்மரின் வழித்தோன்றலைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவன் சர்க்கஸில் வேலை செய்யும் அரவிந்த். அவனுக்குள் உறங்கும் மூதாதையின் டி.என்.ஏ.வைத் தூண்டிவிட்டால் மருத்துவமும் வீரமும் திரும்ப வந்துவிடும் என்கிறாள். அடிவாங்கி விழும் நேரத்தில் வந்தும் விடுகிறது. கடைசியில் முன்னோர் அறிவைப் பற்றி ஒரு பிரசங்கம்.

முதல் இருபது நிமிடம் நன்றாக எடுத்திருந்தார்கள், மறுக்கவில்லை. பிறகு படம் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. விஞ்ஞானம் என்று வந்ததெல்லாம் கம்ப்யூட்டர் திரையில் சுழலும் இரட்டைச் சுருள் மட்டும். ஆனால் ஒரு படம் சுமாராக இருந்தது என்று சொல்ல நினைவுச் சொற்பொழிவு தேவையில்லை. சுமாரான படங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். என் பிரச்சினை, நான் அங்கே கைதட்டினேன் என்பது.

முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. ஈழத்தைச் சுட்டும் வசனம் வந்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. நானும் நின்றேன். போதிதர்மர் தமிழர் என்றபோது தொண்டை அடைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டிலும் தடியடியிலும் ஆறு தலித்துகள் உயிரிழந்திருந்தார்கள். ஆறே வாரம்தான் ஆகியிருந்தது. நான் கண்டனக் கூட்டங்களுக்கெல்லாம் போனவன். அந்தத் தமிழ்ப் பெருமிதத்துக்குள் பரமக்குடி எங்கே இருக்கிறது என்ற கேள்வி அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு வரவில்லை. சினிமா செய்யும் வேலை அதுதான் போலிருக்கிறது.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அந்த வசனம் வந்தது. திறமைசாலிகள் இந்த நாட்டில் ஏன் மதிக்கப்படுவதில்லை என்ற பேச்சில், ஆராய்ச்சி மாணவியான கதாநாயகி இட ஒதுக்கீட்டையும் சிபாரிசையும் ஊழலையும் ஒரே மூச்சில் அடுக்குகிறாள். மூன்றும் ஒரே வகை நோய்களாம். அதற்கும் கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் பாப்கார்ன் பொட்டலத்தை மடித்துக்கொண்டே இருந்தான்.

லீவு முடிந்து கல்லூரிக்குப் போன முதல் வாரமே அவனுக்கு அந்த வசனம் திரும்பக் கிடைத்தது. வகுப்பில் ஒருவன் கதாநாயகியின் குரலிலேயே பேசிக்காட்டியிருக்கிறான். அதற்குப் பிறகு அவன் பெயரே ‘கோட்டா’ ஆகிவிட்டது. மூன்றாவது செமஸ்டரோடு படிப்பை நிறுத்திவிட்டான். படம்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். பணமும் காரணம், ஆங்கிலமும் காரணம், ஒரு ஆசிரியரும் காரணம். ஆனால் கையில் கிடைத்த கல்லில் அந்தப் படம் கொடுத்த கல்லும் ஒன்று.

அந்த வசனத்துக்கு அப்போதே நம் தோழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் படம் பரவாயில்லை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த வரி படத்தில் தவறி விழுந்த வரி அல்ல. அந்தக் கதை எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கேதான் சேர்ந்திருக்கிறது.

படம் என்ன சொல்கிறது? அறிவு இரத்தத்தில் இருக்கிறது. கற்றது, பயின்றது, கண்டுபிடித்தது எல்லாம் பிறப்பு வழியாக இறங்கி வருகிறது. சரியான வம்சத்தில் பிறந்தவனைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அவன் படிக்கவே வேண்டாம். இதற்கு நம் ஊரில் வேறு பெயர் இருக்கிறது, அதை நான் சொல்ல வேண்டியதில்லை. அறிவு பிறப்பில் வருவது என்று ஒருவன் நம்பினால், பிறப்பில் அதை மறுக்கப்பட்டவர்களுக்கு வகுப்பறையில் இடம் ஒதுக்குவது அவனுக்கு ஊழலாகத்தானே தெரியும்?

விஞ்ஞானத்துக்கு வருவோம். ஒருவர் வாழ்நாளில் கற்ற வைத்தியமோ சிலம்பமோ டி.என்.ஏ.வில் பதிந்து பிள்ளைக்குப் போவதில்லை. என் அப்பா அருமையாகச் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார், எனக்கு வராது. இதைவிட முக்கியமானது ஒரு எளிய கணக்கு. நமக்கு அம்மா அப்பா இரண்டு பேர், தாத்தா பாட்டி நான்கு பேர், அதற்கு மேலே எட்டுப் பேர். இப்படியே முப்பது தலைமுறை பின்னால் போனால் 107 கோடி பேர் வர வேண்டும். போதிதர்மர் காலத்துக்குப் போக ஐம்பது தலைமுறையாவது வேண்டும். அப்போது கணக்கு 11 கோடி கோடியைத் தாண்டும். உலகத்தில் அத்தனை பேர் இருந்ததே இல்லை. ஒரே மூதாதை திரும்பத் திரும்ப நம் எல்லோருடைய கணக்கிலும் வருகிறார் என்பதுதான் இதற்கு அர்த்தம். மனிதர்கள் தடையில்லாமல் கலந்திருந்தால், அந்தக் காலத்துக் காஞ்சிபுரத்து ஒருவருக்கு இன்று சந்ததி இருக்குமானால், அது ஒரு அரவிந்தாக இருக்காது. நம்மில் பெரும்பாலோர் அவருக்குப் பேரப்பிள்ளைகளாகத்தான் இருப்போம்.

கலந்திருந்தால் என்றேன். அங்கேதான் இந்தியாவின் கதை இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் துணைக்கண்டத்து மக்கள் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தார்கள், அதன் பிறகு அகமண வேலி விழுந்துவிட்டது என்று மரபணுச் சான்றோடு சொன்னார்கள். அப்படியானால், ஒரு வம்சத்தை ஆயிரத்தைந்நூறு ஆண்டு கலக்காமல் காப்பாற்றித் தருவது எது? சாதிதான். படம் சொல்லும் தேடல் கொஞ்சமாவது நடக்க வேண்டுமென்றால் சாதி இடைவிடாமல் வேலை செய்திருக்க வேண்டும். இந்தப் படத்துக்குச் சாதிதான் கண்ணுக்குத் தெரியாத விஞ்ஞானி. 1936-இல் அண்ணல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்த இடத்துக்கு வந்து நின்றார். இரத்தத் தூய்மை, வம்ச மேன்மை என்று சாதிக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டியவர்களை அவர் அங்கே சந்தித்தார். சாதி இனத்தைப் பிரிக்கவும் இல்லை, மேம்படுத்தவும் இல்லை என்று காட்டினார். லாகூரில் கூட்டம் போட்டவர்கள் அந்த உரையை நிகழ்த்தவே விடவில்லை.

சரி, போதிதர்மர் யார்? 547-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய யாங் சுவான்ஜி அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறார். தான்லின் என்பவர், தென்னிந்தியப் பேரரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் எழுதிய தாவ்சுவான் அவரைத் தென்னிந்தியப் பிராமணர் ஆக்குகிறார். பாருங்கள், காலம் போகப் போக அவருக்கு வம்சம் ஏறிக்கொண்டே போகிறது. பல்லவர், காஞ்சி என்பதெல்லாம் பின்னால் சேர்ந்தது. சண்டைக் கலையை அவரோடு சேர்த்தது பதினேழாம் நூற்றாண்டு நூல் ஒன்று. நான் பெருமையைக் குலைக்க இதைச் சொல்லவில்லை. காஞ்சியில் பௌத்தம் இருந்ததற்குப் போதிதர்மர் சாட்சி சொல்லத் தேவையில்லை. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், அந்த நாட்டில் நூறு சங்காராமங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். நாளந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர். மணிமேகலை வந்து சேர்ந்த ஊரும் அதுதான். இத்தனையும் எங்கே போயின என்று படம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீனாவை விட்டுவிட்டு உள்ளூரில் எதிரியைத் தேட வேண்டியிருக்கும். படத்தில் பௌத்தம் போதிதர்மரின் உடுப்பு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறொன்று. போதிதர்மருக்கு வாரிசு யார் என்று ஜென் மரபே பதில் வைத்திருக்கிறது. அது இரத்த வாரிசு அல்ல, ஆசிரியர் மாணவர் வரிசை. அந்த வரிசையில் ஆறாவதாக வருபவர் ஹுய்நெங். அவர் எழுத்தறியாதவர், விறகு விற்றுப் பிழைத்தவர், தெற்கத்திக் காட்டான் என்று ஏளனமாகப் பார்க்கப்பட்டவர். மடத்துக்குப் போனவரை நெல் குத்தும் கொட்டடிக்கு அனுப்புகிறார்கள். அங்கே உலக்கையோடு நின்றவரிடம்தான், மற்றவர்களுக்குத் தெரியாமல் இரவில் கூப்பிட்டு, ஆசிரியர் தன் அங்கியைக் கொடுத்தார் என்கிறது மரபு. இது மரபுக் கதைதான், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போதிதர்மரைக் கொண்டாடியவர்களே அவருடைய வாரிசை நெல் குத்தும் கொட்டடியில் கண்டார்கள். நம் சினிமா அதை வம்சாவளியில் போய்த் தேடியது.

கையில் ஒரு நல்ல கதை இருந்தும் தவறவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். அரவிந்த் சர்க்கஸ்காரன். இந்திய சர்க்கஸின் தந்தை என்று சொல்லப்படும் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் தலச்சேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் 1901-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் தீயர் சமூகத்தவர். வறுமையிலிருந்து வந்த பிள்ளைகள் பல ஆண்டு விழுந்து எழுந்து உடம்பைப் பழக்கி வளர்த்த கலை அது. அரவிந்தின் உடம்பும் அப்படித்தான் பழகியிருக்கும். அந்த உழைப்பை வைத்தே டோங் லீயை அவன் வென்றிருக்கலாம். வெல்ல விடவில்லை. கூடாரத்தில் கற்ற வித்தை போதாது, அரண்மனையிலிருந்து இரத்தம் வர வேண்டும் என்று முடித்துவிட்டார்கள்.

இனி பண்டிதருக்கு வருகிறேன். அவருக்குப் பிறப்பில் இட்ட பெயர் காத்தவராயன் என்பது உங்களுக்குத் தெரியும். தனக்குத் தமிழும் வைத்தியமும் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டார். இதைப் பலமுறை படித்திருக்கிறேன், ஒரு தகவலாகத்தான் கடந்துபோனேன். பெற்றவர் வைத்த பெயரை எடுத்துவிட்டு ஆசிரியரின் பெயரை வைத்துக்கொண்ட மனிதர் அவர். தன் வாரிசுரிமையை அவர் அங்கே அறிவித்துவிட்டார். பிறப்பால் வருபவன் வேஷப் பிராமணன், நடத்தையாலும் ஞானத்தாலும் ஆனவனே யதார்த்தப் பிராமணன் என்று பிற்காலத்தில் வாதாடியதும் இதிலிருந்து வேறானது அல்ல.

அவருக்கும் பாட்டனார் உண்டு. ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் பட்லராக இருந்த கந்தப்பன். அவர் கொடுத்த திருக்குறள் ஓலைகள் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் கைக்குப் போயின என்று பண்டிதர் எழுதினார். பாட்டன் தந்த சொத்து என்று அவர் சொல்வது இரத்தத்தை அல்ல, ஓலையை. யாரோ எழுதி, யாரோ பூச்சி அரிக்காமல் வைத்திருந்து, ஒரு பட்லர் கை மாற்றிய ஓலை.

பண்டிதரே எப்படி நமக்கு வந்து சேர்ந்தார்? 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. 1914 மே 5 அன்று அவர் மறைந்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் பெயர் தமிழ்நாட்டின் பாடப் புத்தகத்தில் இல்லை, மேடையில் இல்லை. இருந்த இடம் சில வீடுகளின் தகரப் பெட்டிகள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஞான.அலாய்சியஸ் அவற்றைத் தொகுத்தார். பாளையங்கோட்டையிலிருந்து நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் அச்சிட்டது. எண்பத்தைந்து ஆண்டு. அவருடைய டி.என்.ஏ.வை யாராவது தூண்டிவிட்டுத்தான் அவர் கிடைக்க வேண்டும் என்று இருந்திருந்தால் நமக்கு அவர் இல்லை. வேலைக்குப் போய்வந்த நேரம் போக மீந்த நேரத்தில் தாள் ஒட்டி வைத்த மனிதர்கள் இருந்ததால் இருக்கிறார்.

நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் சானடோரியம் ஸ்டேஷன். 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். 1990களில் மற்ற மருத்துவமனைகள் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொட அஞ்சியபோது இங்கேதான் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வளாகத்தை ஒட்டியே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-இல் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு ‘அயோத்திதாச பண்டிதர் மருத்துவமனை’ என்று பெயர். காஞ்சிபுரம் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். சித்த வைத்தியம் தெரிந்த தமிழ்ப் பௌத்தர் ஒருவரைத் தேடிப் படம் சீனம் வரை போனது. அதே நேரத்தில் சித்த வைத்தியம் தெரிந்த தமிழ்ப் பௌத்தர் ஒருவரின் பெயர் ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் பலகையில் இருந்தது. இளவரசர் இல்லை என்பதுதான் குறை.

படத்தைக் குறை சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் தினமும் மின்சார ரயிலில் போனார்கள். அது யார் என்று நான் ஒரு நாளும் சொல்லித்தரவில்லை. கணக்கும் அறிவியலும் சொல்லித்தந்தேன், மார்க் வாங்கவைத்தேன். படம் முடிந்து திரும்பும்போது அந்தப் பையன் கேட்டான்: “அண்ணா, நம்ம டி.என்.ஏ.வுல யாருண்ணா இருப்பாங்க?” நான் சிரித்து மழுப்பினேன். டி.என்.ஏ.வில் தேடாதே, இந்தா இந்தப் புத்தகம் என்று கையில் கொடுக்கும்படி என் அலமாரியிலேயே அலாய்சியஸ் தொகுப்பு இருந்தது.

2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் படம் மறுபடி உலாவியது. அன்றே சொன்னார்கள் பார் என்று காட்சிகளை வெட்டி அனுப்பினார்கள். படிப்பை நிறுத்திய பையன் அதற்குள் ஆய்வக டெக்னீஷியன் படிப்பு முடித்து, ஒரு பரிசோதனை மையத்தில் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுக்கும் வேலையில் இருந்தான். ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். “அண்ணா, அந்தப் படத்த எனக்கே பார்வர்டு பண்றாங்கண்ணா. நான் கவச உடைக்குள்ள வேர்த்து ஊத்திட்டு இருக்கேன். அம்மா வார்டுல பொணம் கட்டிட்டு இருக்காங்க.” கொள்ளைநோயில் உண்மையில் யார் என்ன செய்தார்கள் என்பது அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. படத்தின் கொள்ளைநோயில் நோயாளி உண்டு, விஞ்ஞானி உண்டு, வில்லன் உண்டு. வார்டைக் கூட்டியவருக்குக் கதையில் இடமில்லை.

இந்த உரைக்காக அவனைப் போன மாதம் சானடோரியத்துக்குக் கூட்டிப்போனேன். இப்போது அவனுக்கே ஒரு பெண் குழந்தை. அவன் பெயரைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்லலாமா என்று அனுமதி கேட்கத்தான் போனது. பலகைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே பண்டிதரைப் பற்றிச் சொன்னேன். பத்து வருடத்துக்கு மேல் தாமதமான பாடம். காத்தவராயன் என்ற பெயரைக் கேட்டதும் சிரித்தான், அவன் தாத்தா பெயரும் அதுதானாம். பிறகு பலகையைப் படமெடுத்து, “இவரு நம்மாளும்மா” என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பினான். டீ முடிவதற்குள் அவர் குரல் பதிவு வந்தது. சத்தமாக வைத்தான்.

“அது எனக்குத் தெரியாதாடா, எட்டாவது படிக்கச்சொல்லோ உனக்கு மஞ்சக்காமாலைக்கு அங்கதானே மருந்து வாங்கினேன். போர்டுல இருக்கிற பேர யாருன்னு அந்த டாக்டரம்மாவக் கேட்டேன். சொன்னாங்க. உங்கிட்டயும் சொன்னேன். நீதான் காதுல வாங்கல.”